ஊருக்குப் போக வழி கேட்ட சிறுமி

சூறாவளி ஒரு வீட்டை அடியோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே ஒரு சிறுமியும் அவளுடைய நாயும். வீடு வந்து இறங்கும் இடம் முன்பின் தெரியாத தேசம். பார்க்கும் இடமெல்லாம் பச்சைப் பசேல் என்றிருக்கிறது. மரங்களில் பழங்கள் தொங்குகின்றன. ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. அந்த ஊர் ஜனங்கள் அவளைக் கும்பிடாத குறையாக வரவேற்கிறார்கள். சிறுமி அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊருக்குப் போக எது வழி?

1900-ம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ நகரில் வெளியான ‘ஆஸ் நாட்டு அற்புத மந்திரவாதி’ என்ற புத்தகம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே கடைசிப் பக்கம் வரை போகிறது. எழுதியவர் பிராங்க் பாம். சிறுமியின் பெயர் டாரதி. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவள் பெயர் மறையவில்லை. நாடகமாக, சினிமாவாக, மறுபடியும் நாடகமாக, மறுபடியும் சினிமாவாக அவள் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ மாயாஜாலக் கதைகள் வந்த சுவடு தெரியாமல் போனபோது இது மட்டும் நிற்பானேன்?

மாயம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. மாயம் தொடங்குவதற்கு முன்னால் வரும் சில பக்கங்களைப் படித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

சாம்பல் நிறத்து ஊர்

டாரதியின் ஊர், அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள கான்சாஸ் மாநிலத்தில் ஒரு வெட்டவெளி. மரம் கிடையாது, பக்கத்தில் வேறு வீடும் கிடையாது. உழுத நிலம் வெயிலில் வெந்து வெடித்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. புல்லும் அதே நிறம். ஒரு காலத்தில் வீட்டுக்கு அடித்த பெயிண்ட் கொப்பளித்துக் கரைந்துபோய், வீடும் சாம்பல் நிறம். வீடு என்றால் ஓர் அறை. அதற்குள்ளேயே அடுப்பு, மேஜை, படுக்கை எல்லாம்.

டாரதிக்குத் தாய் தகப்பன் கிடையாது. அத்தையும் ஹென்றி மாமாவும் வளர்க்கிறார்கள். அத்தை அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது பார்க்க லட்சணமான பெண். வெயிலும் காற்றும் சேர்ந்து அவள் கண்ணில் இருந்த ஒளியையும் கன்னத்தில் இருந்த சிவப்பையும் எடுத்துக்கொண்டன. அதோடு சிரிப்பும் போயிற்று. மாமா பொழுது விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பி இருட்டிய பிறகுதான் ஓய்வார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குழந்தை கலகலவென்று சிரித்தால் அத்தைக்குத் தூக்கிவாரிப் போடும். இங்கே சிரிக்கிறதற்கு என்ன கண்டாள் இவள் என்று பார்ப்பாள்.

குழந்தைகளுக்கான கதையில் மானாவாரிக் குடியானவனின் வீட்டை இப்படி ஒளிவுமறைவு இல்லாமல் காட்டியிருப்பது ஆச்சரியம்தான். வாய்க்காலும் வரப்புமாகச் செழித்த ஊரை விட்டு வந்தவள் திரும்பிப் போக ஆசைப்பட்டால் அதில் என்ன கதை இருக்கிறது? டாரதி திரும்பிப் போக அழுவது இந்தச் சாம்பல் காட்டுக்கு. கதையின் முடிச்சே அங்கேதான்.

வழியில் அவளுக்குத் துணையாக ஒரு சோளக்கொல்லை பொம்மை சேர்ந்துகொள்கிறது. தலை முழுவதும் வைக்கோல். இவ்வளவு அழகான தேசத்தை விட்டுவிட்டு அந்தக் காய்ந்த ஊருக்குப் போக ஏன் துடிக்கிறாய் என்று அது கேட்கிறது. உனக்கு மூளை இல்லாததால் இப்படிக் கேட்கிறாய். ரத்தமும் சதையும் உள்ளவர்களுக்குச் சொந்த ஊர் எப்படி இருந்தாலும் அதுதான் பெரிது என்கிறாள் டாரதி. பொம்மை உடனே ஒப்புக்கொள்கிறது. எல்லோர் தலையிலும் என்னைப் போல வைக்கோல் இருந்தால் எல்லோரும் நல்ல ஊர்களுக்கே போய்விடுவார்கள். கான்சாஸில் ஆள் இருக்காது. கான்சாஸ் அதிர்ஷ்டம் செய்த ஊர் என்கிறது.

இந்த வாதத்தில் ஜெயித்தது பொம்மைதான் என்று வாசகருக்குத் தோன்றினால் அவர் மேல் குற்றம் இல்லை. எழுதியவருக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது என்பது பத்து வருஷம் கழித்துத் தெரிந்தது.

தகரமும் தவிடும்

பொம்மைக்கு மூளை வேண்டும். அடுத்து வரும் தகர மனிதனுக்கு இதயம் வேண்டும். பயந்தாங்கொள்ளிச் சிங்கத்துக்குத் தைரியம் வேண்டும். மரகத நகரத்தில் இருக்கும் மகா மந்திரவாதியிடம் போனால் கிடைக்கும் என்று நால்வரும் மஞ்சள் செங்கல் பாவிய சாலையில் நடக்கிறார்கள்.

இவர்களில் தகர மனிதனின் கதை பெரியவர்களையே கலங்க வைக்கும். அவன் பிறப்பால் மனிதன்; மரம் வெட்டுகிறவன். ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு, வீடு கட்டப் பணம் சேர்க்க வேண்டும் என்று மாடாக உழைத்தான். கல்யாணத்தைத் தடுக்க நினைத்த சூனியக்காரி அவனுடைய கோடரிக்கு மந்திரம் போட்டுவிட்டாள். கோடரி நழுவி ஒரு கால் போயிற்று. தகர வேலை செய்பவரிடம் போய்த் தகரக் கால் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். அடுத்த கால் போயிற்று, பிறகு கைகள், பிறகு தலை. கடைசியில் உடம்பே தகரம். இப்போது கோடரியால் அவனை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உள்ளே இதயம் இல்லை. அந்தப் பெண்ணின் மேல் இருந்த ஆசையும் இல்லை. மில்லிலும் பட்டறையிலும் மெஷினுக்கு விரலைக் கொடுத்துவிட்டு மறு மாதமே வேலைக்கு வந்து நின்றவர்களை அறிந்தவர்கள் இந்த இரண்டு பக்கத்தைச் சும்மா புரட்டிவிட மாட்டார்கள்.

மரகத நகரத்தில் இன்னொரு வேடிக்கை. கோட்டை வாசலில் காவல்காரன் வருகிறவர்களுக்கெல்லாம் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுகிறான். நகரத்தின் ஜொலிப்பு கண்ணைப் பறித்துவிடுமாம்! உள்ளே இருக்கிற ஜனங்களும் இரவு பகலாகக் கண்ணாடியோடுதான் இருக்கிறார்கள். அதனால் சுவர் பச்சை, ஆகாயம் பச்சை, கடையில் விற்கிற பண்டமும் பச்சை. கண்ணாடியைக் கழற்றினால் அது மற்ற ஊரைப் போல ஓர் ஊர்.

மந்திரவாதியோ மகா தந்திரசாலி. டாரதிக்கு உடம்பில்லாத ராட்சசத் தலையாகவும், பொம்மைக்கு அழகான பெண்ணாகவும், தகர மனிதனுக்குக் கொடிய மிருகமாகவும், சிங்கத்துக்கு நெருப்புப் பந்தாகவும் காட்சி தருகிறான். மேற்கே இருக்கும் சூனியக்காரியைக் கொன்றுவிட்டு வந்தால்தான் காரியம் நடக்கும் என்கிறான். அந்தச் சூனியக்காரியிடம் சிக்கி, சட்டி பானை தேய்த்து, தரை பெருக்கி, அடுப்புக்கு விறகு போடும் வேலைக்காரியாகிறாள் டாரதி. நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் அரக்கனின் உயிர் ஏழு கடல் ஏழு மலைக்கு அப்பால் கிளிக்குள் இருக்கும். இங்கே அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தன் செருப்பைத் திருடிய கோபத்தில் டாரதி ஒரு வாளித் தண்ணீரை வீசுகிறாள். சூனியக்காரி வெல்லம் போலக் கரைந்துவிடுகிறாள்.

வேலையை முடித்துக்கொண்டு வந்தால், திரைக்குப் பின்னால் நிற்பது மந்திரவாதி அல்ல. வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர். உதடு அசையாமல் பேசும் வித்தை கற்று, சர்க்கஸ் பலூனில் ஏறி, காற்று திசை மாறி இந்தத் தேசத்தில் வந்து விழுந்தவர். வானத்திலிருந்து இறங்கியதால் ஜனங்கள் அவரைப் பெரிய ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அன்று முதல் வேஷத்தைக் கலைக்கப் பயந்து அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். சொந்த ஊர் ஒமாஹா என்கிறார். அட, அது எங்கள் கான்சாஸுக்குப் பக்கம்தானே என்று டாரதிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை! ஆமாம், ஆனால் இங்கிருந்து தூரம் என்று தலையை ஆட்டுகிறார் கிழவர். மொழி தெரியாத பட்டணத்தில் பக்கத்துத் தாலுகாக்காரரைச் சந்தித்தவர்களுக்கு இந்த இடத்துக்கு விளக்கம் தேவையில்லை.

அவர் பொம்மையின் தலையில் தவிட்டோடு ஊசியும் குண்டூசியும் கலந்து அடைத்து மூளை என்கிறார். மரத்தூள் அடைத்த பட்டுத் துணியைத் தகர மனிதனின் மார்பில் வைத்து இதயம் என்கிறார். மூவருக்கும் பூரண திருப்தி. கேட்டதெல்லாம் அவர்களிடம் முன்பே இருந்தது என்பது படிக்கிற குழந்தைக்கு அதற்குள் தெரிந்துவிடும். டாரதியை ஊருக்கு அனுப்பத்தான் அவரால் முடியவில்லை. அவருடைய பலூனும் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது. கடைசியில் பார்த்தால், முதல் நாளே அவள் காலில் ஏறிய வெள்ளிச் செருப்புக்குத்தான் அந்தச் சக்தி இருந்திருக்கிறது. குதிகாலை மூன்று முறை தட்டினால் போதும். தட்டுகிறாள், ஊருக்குப் போகிறாள். வழியில் செருப்புகள் பாலைவனத்தில் விழுந்து தொலைந்துபோகின்றன. வந்து பார்த்தால், போன வீட்டுக்குப் பதிலாக மாமா புது வீடு கட்டியிருக்கிறார். இந்தப் புது வீட்டை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொட்டதெல்லாம் நஷ்டம்

பாம் 1856-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். தகப்பனார் எண்ணெய்க் கிணறுகளில் பணம் சம்பாதித்தவர். பிள்ளைக்கு அந்த ராசி இல்லை. நாடகக் கம்பெனி நடத்திப் பார்த்தார். 1888-ல் மனைவி மக்களோடு டகோட்டா பிரதேசத்தில் அபர்டீன் என்ற சிறு பட்டணத்துக்குப் போய்ப் பலசரக்கும் விளையாட்டுச் சாமான்களும் விற்கும் கடை வைத்தார். மழை பொய்த்தது, குடியானவர்கள் கையில் காசில்லை, கடன் கொடுத்தே கடை மூழ்கியது. பிறகு ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். அதுவும் 1891-ல் நின்றது. சாம்பல் நிறக் கான்சாஸை அவர் கண்டது இந்த டகோட்டாவில்தான்.

அங்கிருந்து பிழைப்புத் தேடிச் சிகாகோ. பீங்கான், கண்ணாடிச் சாமான்களின் மாதிரிகளைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ரயிலில் போய் ஆர்டர் பிடிக்கும் வேலை. வீட்டுக்கு வரும் நாட்களில் நான்கு பையன்களுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் கதை சொல்வார். அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய மாடில்டா ஜோஸ்லின் கேஜ் இவருடைய மாமியார். இந்தக் கதைகளை எழுதி அச்சுப் போடுங்கள் மாப்பிள்ளை என்று விடாமல் தூண்டியவர் அவர்தான். பாமின் கதைகளில் நாடாள்வதும் காரியம் சாதிப்பதும் பெரும்பாலும் பெண்களாக இருப்பதில் அந்த மாமியாரின் கை தெரிகிறது.

ஆஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. பிள்ளைகள் அந்த நாட்டுக்குப் பெயர் என்ன என்று கேட்டபோது பாமின் பார்வை பைல் வைக்கும் அலமாரியில் விழுந்ததாம். மேல் இழுப்பறையில் ‘ஏ முதல் என் வரை’. கீழ் இழுப்பறையில் ‘ஓ முதல் இஸட் வரை’. அந்த ஓவும் இஸட்டும் சேர்ந்து ஒரு தேசமாகிவிட்டது! இது உண்மை என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. பைல்களோடு மாரடிக்கிறவர்கள் நம்பிவிட்டுப் போவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

படம் வரைந்தவர் டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோ. வண்ணப் படங்களுக்கு ஆகும் செலவை ஏற்கப் பதிப்பாளர் தயங்கியதால், எழுத்தாளரும் ஓவியருமே அதை ஏற்றார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் செலவுக்காகப் பாம் பதிப்பாளரிடம் போய்க் கொஞ்சம் முன்பணம் கேட்டார் என்றும், கொடுத்த செக்கைப் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார் என்றும் குடும்பத்தார் சொல்வார்கள். நூறு டாலர் இருக்கும் என்று நினைத்தவர் வீட்டில் பிரித்தபோது 3,432 டாலர் 64 சென்ட்! சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி பிரமித்து நிற்க, சட்டை கருகியதாம்.

1902-ல் சிகாகோவில் நாடகமாக மேடையேறி அதுவும் சக்கைப் போடு போட்டது. பிறகு இருவரும் பிரிந்தார்கள். ஓவியர் பெர்முடாவில் ஒரு தீவை வாங்கித் தனக்குத்தானே ராஜா பட்டம் சூட்டிக்கொண்டார்.

அழியாத கறை

இந்தப் புத்தகத்தைப் புகழ்கிறவர்கள் பலர் சொல்லாமல் தாண்டிவிடும் விஷயம் ஒன்று உண்டு. டகோட்டா, செவ்விந்தியர்கள் என்று அழைக்கப்பட்ட பழங்குடி மக்களின் மண். 1890 டிசம்பர் 29-ந் தேதி வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லகோட்டா மக்களை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல், சுட்டுக் குவித்தது. அந்தச் சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்பு ஒரு முறையும், நடந்த பிறகு 1891 ஜனவரியில் ஒரு முறையும், அந்த மக்களை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று பாம் தம் பத்திரிகையில் தலையங்கம் எழுதினார்.

சொந்த ஊர் என்ற சொல்லுக்கு இவ்வளவு உருகிய பேனாதான், சொந்த ஊரிலேயே நின்றுகொண்டிருந்த ஒரு ஜனத்தைத் துடைத்துவிடச் சொன்னது. காலம் அப்படி என்று சமாதானம் சொல்வார்கள். அதே காலத்தில் அதே வீட்டில் இருந்த மாமியார், பழங்குடிப் பெண்களின் உரிமைகளை வியந்து எழுதியவர். ஆகவே அந்தச் சமாதானம் செல்லாது. பாமின் சந்ததியினர் 2006-ல் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். புத்தகத்தைக் கையில் எடுக்கிறவர் இதையும் தெரிந்துகொண்டு எடுப்பதே முறை.

வெள்ளிச் செருப்பு சிவந்த கதை

1939-ல் எம்.ஜி.எம். கம்பெனி இதைச் சினிமாவாக எடுத்தது. டாரதியாக நடித்தவர் ஜூடி கார்லண்ட். அப்போது டெக்னிகலர் புது மோகம். வெள்ளி நிறம் எடுபடாது என்று செருப்பைச் சிவப்புக் கல் செருப்பாக மாற்றினார்கள். படம் முதல் ஓட்டத்தில் போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1956 முதல் டெலிவிஷனில் காட்டத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்கு வீடு பரவியது.

அந்தச் செருப்புகளில் ஒரு ஜோடி மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மியூசியத்தில் இருந்தது. 2005-ல் திருடு போயிற்று. திருடியவர் அதில் இருப்பது அசல் மாணிக்கம் என்று நம்பிவிட்டார். எல்லாம் சினிமாவுக்கு ஒட்டிய ஜிகினா! பச்சைக் கண்ணாடிக் கதை அவருக்குத் தெரியாது போலும். 2018-ல் மீட்கப்பட்ட அந்த ஜிகினாச் செருப்பு 2024 டிசம்பரில் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று, கமிஷன் தனி.

சினிமாக்காரர்கள் மாற்றியது செருப்பை மட்டும் அல்ல. புத்தகத்தில் ஆஸ் நிஜமான தேசம். சினிமாவில் எல்லாம் கனவு. கண் விழித்த டாரதி, இனி வீட்டை விட்டு எங்கும் போகமாட்டேன் என்ற பாணியில் பேசி முடிக்கிறாள். இந்த முடிவை ஏற்க மறுத்தவர்களில் ஒருவர் பம்பாயில் பிறந்தவர். சல்மான் ருஷ்டி பத்து வயதில் பம்பாயில் எழுதிய முதல் கதைக்கு இந்தப் படத்தின் புகழ்பெற்ற பாட்டின் பெயரைத்தான் சூட்டினார். 1992-ல் இந்தப் படத்தைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆசைதான் படத்தின் உயிர். திரும்பி வருகிற பாடம் பின்னால் ஒட்டவைத்தது. கிளம்பி வந்தவர்களுக்கு இனி வீடு என்பது அவர்களே கட்டிக்கொள்வதுதான் என்பது அவர் வாதம்.

ரஷ்யாவில் வேறு விதம். மாஸ்கோவில் கணிதம் கற்பித்த அலெக்சாண்டர் வோல்கோவ் அதே 1939-ல் கதையைத் தம் போக்கில் மாற்றி எழுதினார். அங்கே டாரதிக்கு எல்லி என்று பெயர். 1964-ல் ஓர் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர், மஞ்சள் சாலை தங்கம், வெள்ளிச் செருப்பு வெள்ளி நாணயம், கதை முழுவதும் அக்கால நாணயச் சண்டையின் உருவகம் என்று கட்டுரை எழுதினார். பாம் அப்படி நினைத்து எழுதினார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அதை இங்கே வளர்த்த வேண்டாம்.

அடமானத்தில் நிலம்

பொம்மை கேட்ட கேள்விக்கு வருவோம். புத்தகத்தைப் படித்த குழந்தைகள் டாரதிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். அடுத்தடுத்து ஆஸ் கதைகள் வந்தன. 1910-ல் வந்த ஆறாவது புத்தகம், ‘ஆஸின் மரகத நகரம்’.

அதில் மாமாவின் கணக்கு வெளியே வருகிறது. சூறாவளியில் போன வீட்டுக்குப் பதிலாகப் புது வீடு கட்டினாரே, அதற்குப் பணம் ஏது? நிலத்தை அடமானம் வைத்திருக்கிறார்! பிறகு உடம்பு கெட்டது; வைத்தியச் செலவு; வேலை செய்ய முடியாமல் கடன் ஏறியது. பணம் கட்டாவிட்டால் நிலம் எங்களுக்கு என்று பாங்கு கெடு வைத்துவிட்டது. நாங்கள் கூலிக்குப் போக வேண்டியதுதான். நீயும் யார் வீட்டிலாவது வீட்டு வேலையோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையோ பார்க்க வேண்டிவரும் என்று டாரதியிடம் சொல்கிறார்கள். முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் மகிழ்ச்சியோடு பார்த்த வீட்டின் விலை, பத்து ஆண்டு கழித்து ஜப்தியாக வந்து நிற்கிறது.

டாரதி அழவில்லை. ஆஸ் நாட்டு அரசி ஓஸ்மாவிடம் போய் அனுமதி வாங்குகிறாள். மாமாவையும் அத்தையையும் மாயத்தால் அங்கேயே வரவழைத்துவிடுகிறாள். ஊர்தான் பெரிது என்று ஒரு காலத்தில் வாதாடிய அதே சிறுமி! அந்தத் தேசத்தில் பணமே கிடையாது. வேண்டியதை அக்கம்பக்கத்தார் கொடுப்பார்கள். அடமானமும் கிடையாது, பாங்கும் கிடையாது. அத்தைக்கும் மாமாவுக்கும் அரண்மனையில் அறை, பட்டு உடை, வேளாவேளைக்குச் சாப்பாடு. ஆனால் உழைத்தே பழகிய அந்த இருவருக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. கிராமத்திலிருந்து அழைத்து வந்த தாய் தகப்பனார் பட்டணத்து அறையில் என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பதைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். கொஞ்சம் கஷ்டமாகவும் இருக்கும்.

பாம் சொந்தக் கடனிலும் அப்போது தப்பவில்லை. 1908-ல் ஸ்லைடு, சினிமா, வாத்தியக்காரர்கள் என்று ஊர் ஊராக நடத்திய காட்சியில் பெருத்த நஷ்டம். 1911-ல் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். மாமாவின் அடமானத்தை எழுதிய கை, கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டு அலுத்திருந்த கை.

ஆஸ் கதை எழுதியது போதும் என்று அந்த ஆறாவது புத்தகத்திலேயே முற்றுப்புள்ளி வைத்திருந்தார். ஆகாய விமானங்கள் வரத் தொடங்கிவிட்டன. யாராவது கண்டுபிடித்து வந்துவிடுவார்கள் என்பதால் தேசத்தையே கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டார்கள். இனி அங்கிருந்து தகவல் வராது என்று முடித்தார். குழந்தைகள் விடவில்லை. கம்பியில்லாத் தந்தி இருக்கிறதே, அதில் டாரதியைக் கேட்கலாமே என்று ஒரு குழந்தை யோசனை சொன்னதாக, 1913-ல் வந்த அடுத்த புத்தகத்தின் முன்னுரையில் எழுதினார். கொல்லையில் கோபுரம் கட்டித் தந்தி படித்தாராம். அரசியின் அனுமதியோடு டாரதி செய்தி அனுப்பச் சம்மதித்தாளாம். 1919 மே மாதம் ஹாலிவுட்டில் அவர் காலமாகும் வரை ஆண்டுக்கு ஒரு புத்தகமாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. கடைசிப் புத்தகம் 1920-ல், அவர் மறைவுக்குப் பிறகு வெளியாயிற்று. மொத்தம் பதினான்கு. மாமாவும் அத்தையும் கான்சாஸுக்குத் திரும்பவே இல்லை.